பழைய ஐ7, புது ஐ3: எது வேகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால், இன்டெல்லில் பொதுவாக 8-ஆம் தலைமுறைக்குக் குறையாத ப்ராசசரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதியும் தேவை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை மாற்றுவதா வேண்டாமா என்ற குழப்பம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

மதுரையில் டவுன்ஹால் ரோட்டிலோ பைபாஸ் ரோட்டிலோ போய் டெஸ்க்டாப் விசாரித்தால் இரண்டு வழி காட்டுவார்கள். ஒன்று, ஏதோ ஒரு அலுவலகம் கழித்துவிட்ட நான்காம் தலைமுறை ஐ7, விலை குறைவு. மற்றொன்று, புதிதாக அசெம்பிள் செய்து தரும் 12-ஆம் தலைமுறை ஐ3, விலை கூடுதல். "விலையும் கம்மி, ஐ7-உம் கிடைக்குது, பிறகு எதுக்கு ஐ3?" என்று கேட்பது நியாயமான கேள்விதான். அதற்குச் சரியான பதில் சொல்ல, இரண்டு ப்ராசசர்களை எதை வைத்து ஒப்பிட வேண்டும் என்பதை அடியிலிருந்து பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டுக்கு இன்டெல் கோர் ஐ7-4770 (2013), கோர் ஐ3-12100 (2022) இரண்டையும் எடுத்துக்கொள்வோம்.

பெயரில் உள்ள எண்கள்

ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் இருக்கும் படிநிலை. வேறு வேறு தலைமுறைகளை அந்த எண்ணை வைத்து ஒப்பிட முடியாது. தலைமுறையைச் சொல்வது அதற்கு அடுத்துவரும் எண்: 4770-இல் முதல் இலக்கமான 4, 12100-இல் முதல் இரண்டு இலக்கங்களான 12. கடையில் "ஐ7 சார்" என்று மட்டும் சொன்னால் பாதித் தகவல்தான் கையில் இருக்கிறது. முழு மாடல் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.

கடைசி எழுத்தும் முக்கியம். லேப்டாப்பில் 'யூ' என்றால் குறைந்த வாட்டில் ஓடுவது, 'எச்' என்றால் அதிக வாட் எடுத்து ஓடுவது. டெஸ்க்டாப்பில் 'டி' என்றால் வாட்டைக் குறைத்துக் கட்டுப்படுத்தியது. சின்னப் பெட்டி அலுவலகக் கம்ப்யூட்டர்களில் இதுதான் பெரும்பாலும் இருக்கும். 'எஃப்' என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. ஐ3-12100எஃப் விலை கொஞ்சம் குறைகிறதே என்று வாங்கி, தனி கிராஃபிக்ஸ் கார்டு போடாமல் மாட்டினால் மானிட்டரில் எதுவும் வராது. போர்டு பழுது என்று நினைத்து அலைகிறவர்கள் உண்டு.

இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியில் வேறு சிக்கல். 2022 செப்டம்பரில் லேப்டாப் ப்ராசசர்களுக்குப் புதுப் பெயரிடும் முறையை அறிவித்தார்கள். அதில் முதல் இலக்கம் எந்த ஆண்டு வரிசை என்பதைத்தான் சொல்கிறது. உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்வது மூன்றாவது இலக்கம். ரைசன் 5 7520யூ என்பதில் மூன்றாவது இலக்கம் 2. அதாவது ஜென் 2, 2019-இல் வந்த வடிவமைப்பு. அதுவும் 4 கோர்தான். 2021-இன் ரைசன் 5 5500யூ-வும் அதே ஜென் 2, ஆனால் அதில் 6 கோர். எல்லாக் கோரும் உழைக்கும் வேலையில் பெரிய எண் கொண்ட புதுசைவிடச் சின்ன எண் கொண்ட பழசே முந்தும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: பழைய வரிசையில் 5500யூ ஜென் 2, அடுத்த எண்ணான 5600யூ ஜென் 3. எண்ணில் 100 வித்தியாசம், உள்ளே ஒரு தலைமுறை வித்தியாசம்.

தாளில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்

1. கோர், த்ரெட்: இரண்டிலும் 4 கோர், 8 த்ரெட். கோர் என்பது தனியாக வேலை செய்யக்கூடிய ஒரு கணிப்பகுதி. த்ரெட் என்பது ஒரே கோர் இரண்டு வேலைகளை மாற்றி மாற்றி உள்ளே வாங்கிக்கொள்ள வைக்கும் ஏற்பாடு. த்ரெட் இரண்டு மடங்கானால் வேகம் இரண்டு மடங்காகாது. கோரில் சும்மா நிற்கும் இடைவெளிகள் நிரம்பும், அவ்வளவுதான்.
2. கிளாக் வேகம் (நொடிக்கு எத்தனை துடிப்புகள் என்பது): 4770 அடிப்படையில் 3.4, அதிகபட்சம் 3.9 ஜிகாஹெர்ட்ஸ். 12100 அடிப்படையில் 3.3, அதிகபட்சம் 4.3.
3. மூன்றாம் நிலைக் கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான நினைவகம்): 4770-இல் 8 எம்பி, 12100-இல் 12 எம்பி.
4. வாட்: 4770-க்கு 84. 12100-க்கு அடிப்படை 60, உச்சத்தில் 89.
5. ரேம்: 4770-க்கு டிடிஆர்3-1600. 12100-க்கு டிடிஆர்4-3200 அல்லது டிடிஆர்5-4800. எது என்பது போர்டைப் பொறுத்தது.

கோர் எண்ணிக்கை சமம். உச்சக் கிளாக்கில் வித்தியாசம் 10 சதவீதம்தான். இந்தப் பட்டியலை மட்டும் பார்த்தால் 12100 ஒரு பத்து, பதினைந்து சதவீதம் வேகமாக இருக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் அளந்தால் ஒரு கோர் வேலையில் ஒன்றரை மடங்குக்கும் மேலே போகிறது. எல்லாக் கோரும் சேர்ந்து உழைக்கும் வேலையில் இரண்டு மடங்கை ஒட்டி வருகிறது. பட்டியலில் இல்லாத ஏதோ ஒன்று இந்த வித்தியாசத்தைக் கொண்டுவருகிறது.

ஜிகாஹெர்ட்ஸ் ஏன் பாதிக் கணக்கு

ஒரு வேலை முடிய ஆகும் நேரத்துக்கு மூன்று காரணிகள்: மொத்தம் எத்தனை கட்டளைகள், ஒரு கிளாக் துடிப்பில் எத்தனை கட்டளைகள் முடிகின்றன, நொடிக்கு எத்தனை துடிப்புகள். முதல் எண்ணை இரண்டாவதாலும் மூன்றாவதாலும் வகுத்தால் நேரம் வந்துவிடும். ஜிகாஹெர்ட்ஸ் மூன்றாவதை மட்டும் சொல்கிறது. இரண்டாவதைத்தான் ஐபிசி என்பார்கள். எந்த விளம்பர அட்டையிலும் அது அச்சாவதில்லை.

மாட்டுத்தாவணியில் மல்லிகைப்பூ கட்டுகிறவர்களைப் பார்த்தால் இது புரியும். இருவர் கையும் நிமிடத்துக்கு ஒரே எண்ணிக்கையில் முடிச்சுப் போடுகிறது. ஒருவர் முடிச்சுக்கு இரண்டு பூ வைக்கிறார், மற்றவர் நான்கு வைக்கிறார். கை வேகம் ஒன்றுதான். சரத்தின் நீளம் ஒன்றல்ல.

ஐபிசி எப்படிக் கூடியது என்பதற்கு இந்த இரண்டு ப்ராசசர்களின் உள்ளமைப்பே சான்று.

1. கட்டளைகளைப் பிரித்து வாங்கும் வாசல். 4770-இன் ஹாஸ்வெல் வடிவமைப்பில் ஒரு துடிப்புக்கு 4 கட்டளைகள் வரை பிரிக்கலாம். 12100-இன் கோல்டன் கோவ் வடிவமைப்பில் 6.
2. முன்கூட்டிப் பார்க்கும் தூரம். ஒரு கட்டளை தரவுக்காகக் காத்து நின்றால், பின்னால் வரிசையில் இருப்பவற்றில் தயாராக உள்ளதை முதலில் முடித்துவிடுவது இன்றைய ப்ராசசர்களின் வழக்கம். அதற்காக வைத்திருக்கும் வரிசையின் நீளம் ஹாஸ்வெல்லில் 192. கோல்டன் கோவில் 512. இதுதான் மிகப் பெரிய மாற்றம் என்பேன்.
3. பக்கத்திலேயே இருக்கும் கேஷ். கோருக்குச் சொந்தமான இரண்டாம் நிலைக் கேஷ் ஹாஸ்வெல்லில் 256 கேபி, 12100-இல் 1.25 எம்பி, அதாவது ஐந்து மடங்கு. முதல் நிலைத் தரவுக் கேஷ் 32 கேபியிலிருந்து 48 கேபி ஆகியிருக்கிறது.

கேஷ் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ரேமுக்குப் போய்த் தரவை எடுத்துவர சுமார் 80 நானோநொடி ஆகும். 4 ஜிகாஹெர்ட்ஸில் அது 320 துடிப்புகள். கேஷில் கிடைத்துவிட்டால் சில துடிப்புகளில் வேலை முடிந்துவிடும். ரேமை எதிர்பார்த்து நிற்கும் ப்ராசசரின் கிளாக்கை எவ்வளவு ஏற்றினாலும் காத்திருக்கும் நேரம் குறையாது.

புது மெஷினில் ரேமால் வரும் நஷ்டம்

அசெம்பிள் செய்யும்போது செலவைக் குறைக்க 8 ஜிபி ரேம் ஒன்றே ஒன்று போட்டுத் தருவது வழக்கம். இங்கே ஒரு கணக்கு. டிடிஆர்4-3200 ஒரு ஸ்டிக் நொடிக்கு 25.6 ஜிபி கொண்டுவரும் (3200 × 8 பைட்). பழைய 4770-இல் டிடிஆர்3-1600 இரண்டு ஸ்டிக் இருந்தால் அதுவும் 25.6 ஜிபி (1600 × 8 × 2). அதாவது புது மெஷின் தன் ரேம் முன்னேற்றம் முழுவதையும் ஒற்றை ஸ்டிக்கில் இழந்துவிடுகிறது. இரண்டு 8 ஜிபி போட்டால்தான் 51.2.

டைப் செய்யவோ பில் போடவோ இது பெரிதாகத் தெரியாது. உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸை நம்பி வீடியோ எடிட்டிங் செய்கிறவருக்கு நன்றாகவே உறைக்கும். அந்த கிராஃபிக்ஸ் தனக்கென்று நினைவகம் இல்லாமல் இதே ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. இரண்டு ப்ராசசர்களை ஒப்பிடும்போது ஒன்றில் ஒற்றை ஸ்டிக், மற்றொன்றில் இரட்டை என்று இருந்தால் ஒப்பீடே செல்லாது.

கோர் எண்ணிக்கை எப்போது உதவும், எப்போது உதவாது

1967-இல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்தால் சொன்ன கணக்கு இன்றும் மாறவில்லை. ஒரு வேலையில் 80 சதவீதத்தைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம், 20 சதவீதத்தை ஒரே கோர்தான் செய்தாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 4 கோர் கிடைத்தால் வேகம் 2.5 மடங்கு. 8 கோர் கிடைத்தால் 3.3 மடங்குதான். எத்தனை கோர் கொடுத்தாலும் 5 மடங்கைத் தாண்டாது, அந்த 20 சதவீதம் அப்படியே நிற்பதால்.

மதுரையில் கம்ப்யூட்டர் அதிகம் உழைக்கும் இடங்களை வைத்துப் பார்த்தால்:

மாசி வீதிகளின் மொத்தக் கடைகளில் டேலியில் பில் போடுவது ஒரு கோரின் வேகத்தையும் டிஸ்க்கின் வேகத்தையும் நம்பிய வேலை. ஃபிளெக்ஸ், பத்திரிகை டிசைன் செய்யும் கோரல்டிராவில் பொருளை நகர்த்துவது, திரை புதுப்பிப்பது எல்லாம் பெரும்பாலும் ஒரே கோர். ஆட்டோகேடும் அப்படியே. இங்கெல்லாம் 8 கோர், 12 கோர் என்று தேடுவது வீண். ஒரு கோர் வேகம் கூடிய ப்ராசசரும் எஸ்எஸ்டியும் போதும்.

கல்யாண வீடியோ எக்ஸ்போர்ட், பிளெண்டரில் ரெண்டரிங், பெரிய ஃபைல்களைச் சுருக்குவது ஆகியவை கிடைக்கிற கோர் எல்லாவற்றையும் தின்னும். ஃபோட்டோஷாப் இரண்டுக்கும் நடுவில்: சில ஃபில்டர்கள் எல்லாக் கோரையும் பயன்படுத்தும், லேயர் வேலைகள் பலவும் ஒரு கோரில் நடக்கும். ஆல்பம் டிசைனுக்கு அதில் ரேம் அளவுதான் முதலில் முட்டும்.

லேப்டாப்பில் இன்னொரு பொறி. 12-ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் இரண்டு வகைக் கோர்களைக் கலந்து வைக்கிறது: வேகமான பி-கோர், சிக்கனமான இ-கோர். ஐ5-1235யூ-வில் 2 பி-கோர், 8 இ-கோர், மொத்தம் 10. ஐ5-12450எச்-இல் 4 பி-கோர், 4 இ-கோர், மொத்தம் 8. இரண்டுமே ஐ5, இரண்டுமே 12-ஆம் தலைமுறை, இரண்டுமே 12 த்ரெட், உச்சக் கிளாக்கும் இரண்டிலும் 4.4. கடை அட்டையில் 10 கோர் என்பதுதான் பெரியதாகத் தெரியும். நீண்ட ரெண்டரிங்கில் முந்துவது 8 கோர் கொண்டது. அதில் பி-கோர் இரண்டு மடங்கு. அடிப்படை வாட்டும் 15-க்குப் பதில் 45. ஆனால் பேட்டரியில் வகுப்பு முழுக்க ஓட வேண்டும் என்கிற கல்லூரி மாணவருக்கு 1235யூ-தான் பொருத்தம்.

வாட்டும் வெயிலும்

அட்டையில் போட்டிருக்கும் உச்சக் கிளாக் எப்போதும் கிடைப்பதல்ல. இன்டெல் இரண்டு வாட் எண்கள் தருகிறது: தொடர்ந்து ஓட அடிப்படை வாட், குறுகிய நேரத்துக்கு உச்ச வாட். 1235யூ-வுக்கு அவை 15, 55. முதல் சில நொடிகள் 55 வரை எடுத்து அசுர வேகத்தில் ஓடும். பிறகு லேப்டாப் தயாரிப்பாளர் வைத்த வரம்புக்கு இறங்கும். அந்த வரம்பு ஒரு மாடலில் 15, இன்னொன்றில் 20, மற்றொன்றில் 28 என்று இருக்கலாம். ஒரே ப்ராசசர் உள்ள இரண்டு லேப்டாப்கள் வேறு வேறு வேகத்தில் ஓடுவதற்கு முதல் காரணம் இதுதான்.

அடுத்தது நம்ம ஊர் வெப்பம். கூலர் எவ்வளவு வாட்டை வெளியேற்றும் என்பது ப்ராசசரின் சூட்டுக்கும் அறையின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. ப்ராசசரை 95 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று கொள்வோம். இணையத்தில் வரும் சோதனை முடிவுகள் பெரும்பாலும் ஏசி அறையில் எடுத்தவை. அறை 25 டிகிரி என்றால் இடைவெளி 70. சித்திரை, வைகாசியில் மதுரையில் வெளியே 40-ஐ ஒட்டி அடிக்கும்போது ஏசி இல்லாத கடை அறை 38-இல் இருந்தால் இடைவெளி 57. 57-ஐ 70-ஆல் வகுத்தால் 0.81. அதே கூலர், அதே காற்றாடி, ஆனால் வெளியேற்ற முடிந்த வாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது.

வேகம் அதே அளவு விழாது. கிளாக்கைக் குறைக்கும்போது வோல்டேஜும் சேர்ந்து குறைவதால், வாட் 20 சதவீதம் இறங்கினால் கிளாக் அதைவிடக் குறைவாகவே இறங்கும். ஆனாலும் மெல்லிய லேப்டாப்பில் ஒரு மணி நேரம் எக்ஸ்போர்ட் ஓடும்போது இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியும். ஷட்டரைத் திறந்து வைத்திருக்கும் ரோட்டோரக் கடைகளில் தூசி ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு நடுவில் போய் அடைந்துகொள்வதால் இழப்பு மேலும் கூடும். டெஸ்க்டாப் ஐ3-12100-க்கு நல்ல காற்றோட்டமுள்ள கேபினெட் இருந்தால் வெயில் பெரிய பிரச்சினை இல்லை. பத்து வருடத்துக்கு மேல் ஓடிய 4770-இல்தான் ஆபத்து: ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்து வெடித்திருக்கும். அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதுப் பேஸ்ட் போடாமல் எந்த அளவீடும் எடுக்கக்கூடாது.

வீடியோ வேலைக்குத் தனிக் கணக்கு

இப்போது போனிலும் கேமராவிலும் எடுக்கும் 4கே வீடியோ பெரும்பாலும் எச்.265 முறையில் சுருக்கப்பட்டது. அதை விரிக்க ப்ராசசருக்குள் தனிப்பகுதி இருந்தால் கோர்கள் அதில் கை வைக்கவே வேண்டாம். 4770-இன் எச்டி 4600 கிராஃபிக்ஸில் எச்.264-க்கு அந்த வசதி இருக்கிறது, எச்.265-ஐ முழுமையாக விரிக்கும் தனிப்பகுதி இல்லை. 12100-இன் யூஎச்டி 730-இல் எச்.265, விபி9, ஏவி1 மூன்றையும் விரிக்கும் வசதி உண்டு. கேமராக்கள் எழுதும் 4:2:2 10 பிட் எச்.265-ஐயும் அது விரிக்கும்; விலை உயர்ந்த தனி கிராஃபிக்ஸ் கார்டுகளில்கூட 2025-க்கு முன் வந்த பலவற்றில் இது கிடையாது.

இதன் விளைவு நேரடியானது. பழைய ஐ7-இல் 4கே எச்.265 கோப்பை டைம்லைனில் போட்டால் நான்கு கோரும் வெறும் விரிக்கும் வேலைக்கே போய், படம் விட்டு விட்டு ஓடும். புது ஐ3-இல், எடிட்டிங் மென்பொருள் அந்தத் தனிப்பகுதியைப் பயன்படுத்தும் பட்சத்தில், ஓரளவு தடையில்லாமல் நகரும். இந்த இடத்தில் கேள்வி எத்தனை மடங்கு வேகம் என்பதல்ல. அந்த வேலையைச் செய்ய முடியுமா முடியாதா என்பது. எந்தப் பொது பெஞ்ச்மார்க் எண்ணிலும் இது தெரியாது.

பெஞ்ச்மார்க் எண்களைப் படிக்கும்போது

பெஞ்ச்மார்க் என்பது எல்லா மெஷினிலும் ஒரே வேலையைக் கொடுத்து நேரம் பார்த்து அதை எண்ணாக மாற்றும் சோதனை நிரல். கவனிக்க வேண்டியவை இவை:

1. பதிப்பு ஒன்றாக இருக்க வேண்டும். கீக்பெஞ்ச் 5-இல் ஐ3-8100-க்கு 1000 என்று வைத்து அளவுகோல் அமைத்தார்கள்; கீக்பெஞ்ச் 6-இல் ஐ7-12700-க்கு 2500. ஒன்றின் எண்ணை மற்றொன்றோடு ஒப்பிட்டால் வரும் விடை குப்பை. சினிபெஞ்ச் ஆர்23, சினிபெஞ்ச் 2024 இரண்டின் அளவுகோலும் வேறு வேறு.
2. சோதனை எவ்வளவு நேரம் ஓடுகிறது. கீக்பெஞ்ச் சின்னச் சின்ன வேலைகளை இடைவெளி விட்டு ஓட்டுகிறது. கூலரின் பலவீனம் அதில் வெளியே வராது. சினிபெஞ்ச் ஆர்23-இன் 10 நிமிட ஓட்டத்தில் வந்துவிடும்.
3. சோதனை எந்த வகை வேலை. சினிபெஞ்ச் முப்பரிமாண ரெண்டரிங். அதில் வரும் பல கோர் எண்ணை வைத்து டேலி எப்படி ஓடும் என்று சொல்ல முடியாது.
4. எண் எப்போது எடுக்கப்பட்டது. ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பாதுகாப்புக் குறைகள் 2018 ஜனவரியில் வெளியாயின. அவற்றை அடைக்க வந்த அப்டேட்கள் பழைய ப்ராசசர்களைச் சில வேலைகளில், குறிப்பாக ஃபைல்களை அடிக்கடி திறந்து மூடும் வேலைகளில், மெதுவாக்கின. 4770 வந்த 2013-இல் எழுதிய மதிப்புரை எண்களில் இந்த இழப்பு இல்லை.
5. சதவீதக் குழப்பம். முதல் மெஷினில் 12 நிமிடம், இரண்டாவதில் 9 நிமிடம் என்றால் நேரம் 25 சதவீதம் குறைந்திருக்கிறது. வேகம் 33 சதவீதம் கூடியிருக்கிறது. இரண்டும் சரி. விற்கிறவர் பெரிய எண்ணைத்தான் சொல்வார்.

துறையில் மிகவும் மதிக்கப்படும் ஸ்பெக் சிபியூ 2017 சோதனைக்கே 2024-இல் ஒரு சிக்கல் வந்தது. இன்டெல்லின் கம்பைலர் (நிரலை ப்ராசசருக்கான கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) அந்தச் சோதனையின் ஒரு பகுதிக்கென்றே குறிவைத்து வேகம் கூட்டியிருந்ததால், 2,600-க்கும் மேற்பட்ட முடிவுகளை ஏற்க முடியாதவை என்று ஸ்பெக் அமைப்பு குறித்தது. கவனமாக நடத்தப்படும் சோதனையிலேயே இப்படி நடக்கும் என்றால், பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் "இத்தனை மடங்கு வரை வேகம்" என்ற வாசகத்தை எந்த அளவுக்கு நம்பலாம்?

கடையிலேயே அளந்து பார்க்கும் முறை

இரண்டு மெஷின்களும் கண் முன்னால் இருந்தால் ஒரு மணி நேரத்தில் இதை முடித்துவிடலாம். தேவையான நிரல்கள் எல்லாம் இலவசம். ஒரு பென் டிரைவில் கொண்டு போனால் போதும்.

1. ஆன் செய்து 15 நிமிடம் விடுங்கள். டாஸ்க் மேனேஜரில் சிபியூ 5 சதவீதத்துக்குக் கீழே வந்தபின் தொடங்குங்கள். பின்னணியில் விண்டோஸ் அப்டேட் இறங்கிக்கொண்டிருந்தால் எல்லா எண்ணும் கெடும்.
2. லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகி, பவர் அமைப்பை இரண்டிலும் அதிக வேக நிலையில் வையுங்கள்.
3. ப்ராசசர் விவரம் காட்டும் சிபியூ-இசட் நிரலைத் திறந்து மாடல் எண்ணைச் சரிபாருங்கள். மெமரி பக்கத்தில் ரேமின் அளவு, ஒற்றைச் சேனலா இரட்டையா என்று குறித்துக்கொள்ளுங்கள்.
4. ஃபைல்களைச் சுருக்கும் நிரலான 7-ஜிப்பில் டூல்ஸ் மெனுவுக்குள் பெஞ்ச்மார்க் இருக்கிறது. டிக்ஷனரி அளவை இரண்டு மெஷினிலும் 32 எம்பி என்று வைத்து, முதலில் 1 த்ரெட், பிறகு எல்லா த்ரெட். இதில் சுருக்கும் வேகம் ரேமையும் கேஷையும் நம்பியது. விரிக்கும் வேகம் கோரின் வலுவைக் காட்டும். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.
5. கிளாக், வாட், சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ நிரலை ஓடவிட்டு, சினிபெஞ்ச் ஆர்23-ஐ 10 நிமிடம் ஓட்டுங்கள். முதல் நிமிடத்தில் கிளாக், வாட், சூடு எவ்வளவு, பத்தாவது நிமிடத்தில் எவ்வளவு? இந்த ஒரு ஒப்பீட்டில் கூலரின் தரம் தெரிந்துவிடும். ஆரம்பித்த அரை நிமிடத்திலேயே 100 டிகிரியைத் தொட்டால் கூலர் சரியாக உட்காரவில்லை, அல்லது பேஸ்ட் காய்ந்திருக்கிறது.
6. கடைசியாக உங்கள் சொந்த வேலை. 5 நிமிட வீடியோ எக்ஸ்போர்ட், 20 ஆல்பம் பக்கங்களை ஜேபெக் ஆக்குவது, உங்கள் ஒரு வருட டேலி டேட்டாவில் ஸ்டாக் ரிப்போர்ட் திறப்பது: தினமும் எது நேரம் தின்கிறதோ அதை எடுங்கள். மூன்று முறை ஓட்டி நடுவில் வரும் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். கோப்பை முதலில் மெஷினின் டிஸ்க்குக்கு நகலெடுக்க மறக்கக்கூடாது; பென் டிரைவிலிருந்து நேரடியாக ஓட்டினால் அளப்பது பென் டிரைவின் வேகத்தை.

ஒன்றில் ஹார்டு டிஸ்க், மற்றொன்றில் எஸ்எஸ்டி என்றால் 4, 5 படிகளின் எண்களை ஒப்பிடலாம். 6-ஆம் படியை ஒப்பிடக்கூடாது. சோதனையின்போது டாஸ்க் மேனேஜரில் ரேம் 90 சதவீதத்தைத் தாண்டினாலும் அப்படித்தான்: ரேமில் இடமில்லாமல் டிஸ்க்குக்குத் தரவு போய்வருகிறது, ப்ராசசர் சும்மா நிற்கிறது.

அப்படியானால் எதை வாங்குவது

வீடியோ எடிட்டிங் செய்கிறவருக்கு 4770 வேண்டவே வேண்டாம். பில்லிங், டைப்பிங், இ-சேவை போன்ற வேலைகளுக்கு எஸ்எஸ்டியும் 8 ஜிபி ரேமும் இருந்தால் அதன் வேகம் இன்றும் போதும். அங்கே தடை விண்டோஸ் 11 முறைப்படி ஏறாதது. வாடிக்கையாளரின் ஆதார், வங்கி விவரங்கள் கடந்துபோகும் மெஷினில் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன விண்டோஸை வைத்திருப்பது தவறு. விண்டோஸின் தகுதிச் சோதனையை ஏமாற்றி 11-ஐ ஏற்றித் தரும் கடைகள் உண்டு. அடுத்த பெரிய அப்டேட் வரும் என்று அதில் யாரும் உத்தரவாதம் தர முடியாது. லினக்ஸில் வேலை ஓடும் என்றால் அது நல்ல வழி.

பின்னால் ப்ராசசரை மட்டும் மாற்றி வேகம் கூட்ட முடியுமா என்பதையும் வாங்கும்போதே பார்க்க வேண்டும். 4770 உட்காரும் எல்ஜிஏ1150 சாக்கெட்டில் அதற்கு மேல் போக இடம் மிகக் குறைவு. பெரும்பாலும் 4790, 4790கே வரைதான், ரேமும் டிடிஆர்3-யிலேயே நிற்கும், 32 ஜிபிக்கு மேல் ஏறாது. 12100 உட்காரும் எல்ஜிஏ1700-இல் 6 கோர் ஐ5-12400, 12 கோர் ஐ7-12700 வரை அதே போர்டில் மாற்றலாம். ஆனால் 12700 உச்சத்தில் 180 வாட் இழுக்கும். விலை குறைந்த எச்610 போர்டுகள் பலவற்றில் ப்ராசசருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதிக்கு ஹீட்சிங்க்கூட இருக்காது. அவற்றில் 12700-ஐப் போட்டால் அந்தப் பகுதி சூடாகி, போர்டே கிளாக்கை இழுத்துப் பிடிக்கும். அந்த எண்ணம் இருந்தால் முதலிலேயே ஹீட்சிங்க் உள்ள பி660 அல்லது பி760 போர்டாகக் கேட்டு வாங்க வேண்டும்.